இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு. ஒன்று ஓட்டக் கற்றுக்கொள்கிறவரின் காலடியில் இருக்கும். இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் காலடியில். முதல் பிரேக்கை நம்பி யாரும் அந்த வண்டியைத் தெருவில் இறக்குவதில்லை. ஊரில் நாலு பேர் கைகாலோடு நடமாடுகிறார்கள் என்றால் அது இரண்டாவது பிரேக் போட்ட பிச்சை.

நம் மாஸ்டர் அந்த இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தே தலை நரைத்தவர். மனைவிக்கு அவர் 'என்னங்க', மகளுக்கு அப்பா, மீதி எல்லோருக்கும், பேப்பர் போடுகிறவர் உட்பட, மாஸ்டர். முதல் நாள் பாடம் யாருக்கானாலும் ஒன்றுதான். "கண்ணு ரோட்டுல இருக்கட்டும், கை ஸ்டியரிங்ல இருக்கட்டும், கால் மட்டும் எப்பவும் சந்தேகத்துல இருக்கட்டும்" என்பார். சொல்லிவிட்டு, வந்தவர் சாவியைத் திருகுவதற்கு முன்பே திட்ட ஆரம்பித்துவிடுவார். மகா கோபக்காரர். சிவப்பு விளக்கு கொஞ்சம் கூடுதலாக எரிந்தால் அதனோடும் சண்டைக்குப் போகிற ஆள்.

அந்தக் கால் வீட்டுக்கு வந்தாலும் வேலையை விடாது. பஸ்ஸில் போனால் டிரைவருக்கு முன்னால் இவர் பிரேக் போடுவார். முன் இருக்கைக்காரர் திரும்பி முறைப்பார். டீ கிளாஸை யாராவது மேசை ஓரத்தில் வைத்தால் கை நீளாது, வலது கால் தரையை அழுத்தும். டிவியில் யாரோ மாடிப்படியில் இறங்கி ஓடினால் அதற்கும் அழுத்தும். அவருடைய நாற்காலிக்கு முன்னால் தரைவிரிப்பில் ஓர் இடம் மட்டும் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. "என்னைக்காவது ஒரு நாள் பூமி சுத்தறதே நிக்கப்போவுது, உங்க கால்ல" என்பாள் மனைவி. பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். வாய்க்குக் குறைவில்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அந்த வீட்டில் கால் அவருடையது, வாய் அவளுடையது.

அப்படிப்பட்ட கால் ஒரு நாள் காலையில் சும்மா இருந்துவிட்டது.

அன்றைக்கு ஓட்டியவள் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். கெட்டிக்காரி, ஆனால் பதற்றக்காரி. ஒரு வளைவில் திரும்பும்போது பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். புதிதாகக் கற்கிற எல்லோரும் செய்யும் தப்புதான் அது. எதிரே நடைபாதையை ஒட்டிப் பூந்தொட்டி விற்கிறவரின் தள்ளுவண்டி நின்றது. அதற்குக் கீழே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்த பூந்தொட்டிக்காரர், என்ன தோன்றியதோ, நிமிர்ந்து நாலடி தள்ளிப் போனார். கார் போய் வண்டியில் மோதியது. தொட்டிகள் உருண்டு உடைந்தன. அந்தப் பெண் ஸ்டியரிங்கில் முகத்தை இடித்துக்கொண்டு, உதடு வீங்கி, ஓவென்று அழுதாள். பூந்தொட்டிக்காரர் தன் தலை, கை, கால் எல்லாவற்றையும் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

மாஸ்டர் எல்லாவற்றையும் பார்த்தார். நடப்பதற்கு முன்பே பார்த்தார் என்பதுதான் விஷயம். கார் தடம் மாறியதைப் பார்த்தார், தள்ளுவண்டியைப் பார்த்தார், அதன் கீழே ஒரு மனித முதுகு இருந்ததையும் பார்த்தார். கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. அழுத்த வேண்டும் என்பதும் தெரிந்தது. ஆனால் பயம் வரவில்லை. இத்தனை ஆண்டுகளாக அந்தக் காலை அழுத்திக்கொண்டிருந்தது தான் அல்ல, பயம்தான் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்வதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "கவனிக்கலப்பா" என்று மட்டும் முதலாளியிடம் சொன்னார்.

முதலாளி இவரிடம் திட்டு வாங்கிக் கார் ஓட்டக் கற்று, பிறகு அந்த ஸ்கூலையே வாங்கியவர். "நீங்களா கவனிக்கல? ஒரு நாள் ஸ்டியரிங்லேருந்து கையை எடுத்து மூக்கைச் சொறிஞ்சேன்னு என்னை நடுரோட்டுல இறக்கிவிட்டவராச்சே, மாஸ்டர்!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யானைக்கும் அடி சறுக்கும். அதை விடுங்க. அந்தப் பொண்ணு தப்புத்தான். ஆனா தலையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு வந்துடுங்களேன். அதுவரைக்கும் வண்டியில உக்கார வேணாம். கோவிச்சுக்காதீங்க."

மாஸ்டர் கோவித்துக்கொள்ளவில்லை. சரி என்று சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்தார். முதலாளிக்கு அதுதான் கலக்கமாக இருந்தது.

வீட்டில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். வெளியூரில் இருக்கும் மகள் போனில் வந்தாள். "அம்மா, இது மறதி நோயா இருக்கும். என் கூட வேலை செய்யறவங்களோட அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. உடனே ஸ்கேன் எடுங்க" என்றாள். மைத்துனர் வந்தார். அவர் வந்தால் ஜோக்கும் கூடவே வரும். "மூளை எப்படி இருக்குன்னு பாக்கறது அப்புறம். இருக்கான்னு முதல்ல பாக்கச் சொல்லு" என்றார் அக்காவிடம். முன்பெல்லாம் மச்சான் இப்படி ஒன்று சொன்னால் மாஸ்டர் திருப்பி இரண்டு கொடுப்பார். அதற்காகத்தான் அவரும் சொல்வார். இப்போது மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோக் கூடத்தின் நடுவில் அநாதையாக நின்றது. மைத்துனர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. யாரும் சாகவில்லை. சொத்துத் தகராறு இல்லை. உடம்பில் ஒரு நோவும் இல்லை. குழாயை யாரோ தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி மூடியதுபோல் எல்லாம் நின்றுபோயிருந்தது. சாப்பாடு சாப்பாடாக இருந்தது, அவ்வளவுதான். உப்பு கூடினால் சொல்வதில்லை, குறைந்தாலும் சொல்வதில்லை. காலையில் கண் விழித்ததும் எழ வேண்டும் என்று தெரியும். எழுவதற்குள் ஒரு யுகம் போகும். கூடத்து ஜன்னலின் திரைச்சீலைகளை மனைவி துவைத்து மடித்துக் கொடுத்து மாதக்கணக்கில் ஆகிறது. மாட்டுவது எப்போதும் அவர் வேலை. அவை நாற்காலி ஒன்றின் மேல் மடித்தது மடித்தபடி கிடந்தன. காலை வெயில் நேராக அவர் முகத்தில் அடிக்கும். அவர் நாற்காலியைக்கூடத் தள்ளிப்போட மாட்டார்.

"என்னங்க, உடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒன்னுமில்ல."

"மனசுல ஏதாவது?"

"ஒன்னுமில்ல."

இந்தச் சொல்லுக்கு நம் ஆட்களிடம் இருக்கும் மரியாதையே தனி. கேட்டவர் நிம்மதியாகப் போய்விடுவார், சொன்னவர் இருந்த இடத்திலேயே இருப்பார். மாஸ்டர் பொய் சொல்லவில்லை. உள்ளே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அங்கே உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

ஸ்கேனுக்கு நாள் குறித்தபோது மட்டும் அவருக்குள் ஏதோ லேசாக அசைந்தது. அதை ஆசை என்று சொன்னால் அதிகப்படி. படத்தில் ஒரு கட்டியோ அடைப்போ தெரிந்துவிட்டால் நல்லது என்று நினைத்தார். கட்டி இருந்தால் கட்டிதான் காலைக் கட்டிப்போட்டது என்று ஆகும். ஒன்றும் தெரியாவிட்டால், ஒரு மனிதனின் முதுகைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தவன் யார் என்ற கேள்விக்கு அவரேதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஸ்கேன் அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. குளிர்ந்த தாழ்வாரம், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், கதவின் மேல் காந்தம் பற்றிய எச்சரிக்கைப் படம். பெல்ட், சாவி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைக்கச் சொன்னார்கள். மோதிரம் வரவில்லை. மனைவி சோப்பு நீர் போட்டு உருவி எடுத்து, தன் கட்டை விரலில் மாட்டிக்கொண்டாள்.

"உடம்புக்குள்ள இரும்பு எதாவது இருக்கா சார்?" என்று கேட்டார் ஸ்கேன் எடுப்பவர்.

பழைய மாஸ்டராக இருந்தால், "இதயம் இரும்புன்னு என் சம்சாரம் சொல்லுவா, கேட்டுப் பாருங்க" என்றிருப்பார். மனைவி அதற்காகக் காத்திருந்தாள்கூட. "இல்ல" என்றார் மாஸ்டர்.

குழாய்போன்ற இயந்திரத்துக்குள் நீண்ட பலகையில் படுக்கவைத்து, தலையை அசையாதபடி கூண்டு ஒன்றில் பொருத்தினார்கள். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார் அந்த மனிதர். "உள்ள சத்தம் பயங்கரமா இருக்கும். ஆடாம அசையாம படுத்துக்கங்க. பயமா இருந்தா, மூச்சு முட்டற மாதிரி இருந்தா, இதை ஒரு அழுத்து அழுத்துங்க. நாங்க உடனே நிறுத்திடுவோம்."

இதுவும் ஒரு பிரேக் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

பலகை உள்ளே போனது. மூக்குக்கு மிக அருகே வெள்ளைக் கூரை. பிறகு சத்தம். தெருவைத் தோண்டுவதுபோல், தகரத்தை அடிப்பதுபோல், வகை வகையான சத்தம். மாஸ்டர் கிடந்தார். சத்தம் திடீரென்று நின்றது. முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். யாரும் வரவில்லை. முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். அதற்குப் பிறகு எதையும் நினைக்கவில்லை.

வெளியே நடந்தது இதுதான். கம்ப்யூட்டர் பாதியில் உறைந்துபோயிற்று. ஸ்கேன் எடுப்பவர், பழுது பார்க்கிறவரைக் கூட்டிவர மாடிக்கு ஓடினார். உள்ளே இருப்பவரை நர்ஸ் வெளியே எடுத்திருப்பாள் என்று அவர் நினைத்தார். அவர் எடுத்துவிட்டுத்தான் போயிருப்பார் என்று நர்ஸ் நினைத்து அடுத்த ஆளின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கப் போனாள். நீ பார்ப்பாய் என்று நானும், நான் பார்ப்பேன் என்று நீயும் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஆஸ்பத்திரியும் அப்படித்தான்.

நெடுநேரம் கழித்து மாடியிலிருந்து இறங்கியவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். இயந்திரத்துக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவருக்கு உயிரே போய்விட்டது. ஓடிப் போய்ப் பலகையை இழுத்தார். மாஸ்டர் கண் திறந்தபடி கிடந்தார். ரப்பர் பந்து கையிலேயே இருந்தது.

"சார்! ஏன் சார் அழுத்தல?"

மாஸ்டர் யோசித்தார். "அவசரம் ஒன்னும் இல்லையே" என்றார்.

கம்ப்யூட்டரைச் சரிசெய்து மிச்சத்தையும் எடுத்து முடித்தார்கள். ஸ்கேன் எடுப்பவர் வெளியே வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். நல்ல மனிதர், மறைக்கவில்லை. "தப்பு எங்களோடதுதாம்மா. மன்னிச்சுக்கங்க. இன்னொருத்தரா இருந்தா பந்தை அழுத்தி, கத்தி, ஊரையே கூட்டியிருப்பாங்க. சார் ரொம்பப் பொறுமைசாலி. அசையவே இல்ல, படம் அவ்வளவு தெளிவா வந்திருக்கு."

"பொறுமைசாலியா? இவரா?" என்றாள் மனைவி.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. சுவரோரம் உட்கார்ந்து பெல்ட்டைக் கோத்துக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தாள். அழுத்தவில்லை. கையில் கொடுத்தும் அழுத்தவில்லை. பஸ்ஸில் இவர் கால் அழுத்துவதை நிறுத்தி எத்தனை காலம் ஆயிற்று? வரும்போதுகூட டிரைவர் இரண்டு முறை சடாரென்று நிறுத்தினார், இவர் சும்மாதான் வந்தார். அது நின்றுபோனது அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்தபோது, அப்பாடா, வயசானதும் அடங்கிவிட்டது என்று நிம்மதிப்பட்டிருந்தாள். அந்த நிம்மதியை நினைத்து இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சில நாள் கழித்து டாக்டரைப் பார்த்தார்கள். முதியவர்களைப் பார்க்கிற பெண் டாக்டர், தானும் முதுமையை எட்டிக்கொண்டிருப்பவர். திரையில் மாஸ்டரின் மூளை தெரிந்தது, உடைத்த அக்ரூட் பருப்பு போல மடிப்பு மடிப்பாக. வாழ்நாள் முழுக்கத் தெருவையே பார்த்த மனிதர் தன் தலைக்குள் பார்ப்பது இதுதான் முதல் முறை. ஏதோ ஒரு தெரியாத ஊரின் வரைபடம் போலத்தான் அவருக்கு இருந்தது.

"கட்டி இல்ல. ரத்தக்கசிவு இல்ல. மறதி நோய்னு சொல்ற அளவுக்குச் சுருக்கமும் இல்ல" என்றார் டாக்டர். "வயசுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கு. பயப்படற மாதிரி ஒன்னுமில்ல."

மகளிடம் சொல்ல மனைவி கையில் எடுத்த போனை மறுபடி பைக்குள் போட்டாள். "இந்த வெள்ளைப் புள்ளியெல்லாம் என்ன டாக்டர்?"

"தலைமுடி நரைக்கிற மாதிரின்னு வெச்சுக்கங்களேன். சின்ன ரத்தக்குழாய்ங்க வயசாகறதால வர்றது. நிறைய பேருக்கு இருக்கும், நல்லாவும் இருப்பாங்க. வயசான காலத்துல மனச்சோர்வு வர்றவங்களுக்கு இது கொஞ்சம் அதிகமா இருக்கறதா ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. ஆனா இந்தப் புள்ளிதான் காரணம்னு என்னால விரல் வெச்சுக் காட்ட முடியாது. படத்துக்கு அவ்வளவுதான் தெரியும்." டாக்டர் மாஸ்டரின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன செய்யுது?"

"ஒன்னுமில்ல" என்றார் மாஸ்டர்.

"அதைத்தான் டாக்டர் நானும் சொல்றேன்!" மனைவியின் குரல் உடைந்தது. "இவருக்கு ஒன்னும் இல்ல. கோபம் இல்ல, சிரிப்பு இல்ல, ருசி இல்ல, பயம் இல்ல. என் வீட்டுக்காரரு எங்க வீட்ல இல்ல. டீ கிளாஸ் ஓரத்துல இருந்தாக்கூட அழுத்தற காலு டாக்டர் அது. இப்ப அழுத்தறதில்ல. அந்த மெஷினுக்குள்ள விட்டுட்டுப் போயிட்டாங்க, அப்பவும் அழுத்தல."

கால் கதை டாக்டருக்கு முதலில் விளங்கவில்லை. மனைவி அழுதுகொண்டே விளக்கினாள். டாக்டர் திரையை அணைத்தார். நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து மாஸ்டரின் எதிரே உட்கார்ந்தார்.

"மெஷினுக்குள்ள ஏன் அழுத்தல?"

மாஸ்டர் அணைந்த திரையைப் பார்த்தார். இனி அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. படம் கைவிட்டுவிட்டது. வெட்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அதுவும் வரவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ.

"வண்டியிலயும் அழுத்தல" என்றார். "கவனிக்கலன்னு சொன்னேன். கவனிச்சேன். அந்தப் பூந்தொட்டிக்காரரு கீழ குனிஞ்சிருந்தாரு. அவரு முதுகு தெரிஞ்சுது. பாத்துக்கிட்டே இருந்தேன்."

மனைவி கட்டை விரலில் இருந்த மோதிரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். திருப்பிப் போட்டுக்கொள்ள அவர் கேட்கவே இல்லை.

"செத்துடணும்னு தோணுதா?" டாக்டர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"இல்ல. அப்படித் தோணல." பிறகு சொன்னார். "இருக்கணும்னும் தோணல."

"இதுக்குப் பேரு மனச்சோர்வுதான்."

"எனக்குச் சோகமே இல்லையே டாக்டர். நான் ஒரு நாளும் அழுததில்ல."

"வயசானவங்களுக்குப் பல நேரம் சோகமா வராது. அழுகையும் இருக்காது. ஆசை, பயம், கோபம், எல்லாம் ஒவ்வொன்னா சொல்லாமக் கொள்ளாமப் போயிடும். வீட்ல இருக்கறவங்க வயசாயிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க." டாக்டர் மனைவியைப் பார்க்காமல்தான் சொன்னார். அந்த இரக்கம் மனைவிக்குப் புரிந்தது. "உங்க கால் கெட்டது இல்ல. உங்க குணமும் கெட்டது இல்ல. இது நோய். மருந்து இருக்கு. ஆனா மெதுவா வேலை செய்யும். வாரா வாரம் வந்து என்கிட்ட பேசணும். தினமும் வீட்டம்மா கூட நடக்கணும். செத்தா என்னன்னு எப்பவாவது தோணினா, அந்த நிமிஷமே இவங்ககிட்ட சொல்லணும், ரெண்டு பேரும் உடனே இங்க வந்துடணும். நான் சொல்ற வரைக்கும் ஸ்கூல் வண்டியில உக்காரக் கூடாது."

"அவசரப்படக் கூடாதுங்கறீங்க" என்றாள் மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அதுக்கென்ன, அவசரப்படற ஆளே வீட்ல இல்ல இப்ப."

வெளியே வந்ததும் மகள் போனில் கேட்டாள், "ஸ்கேன்ல என்னம்மா?" மனைவி தாழ்வாரத்தில் நின்று யோசித்தாள். "ஸ்கேன்ல ஒன்னுமில்ல. ஆனா அப்பாவுக்கு உடம்பு சரியில்ல" என்றாள். மகளுக்குக் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். பூந்தொட்டிக்காரர் தப்பிப் பிழைத்தது தற்செயல் என்பது இப்போது அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், வீடு வரைக்கும் விடவில்லை.

மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. அந்தப் பெண்தான் நின்றாள். உதட்டு வீக்கம் வற்றிவிட்டது. மாஸ்டரைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"மாஸ்டர், என்னால உங்களுக்குக் கெட்ட பேரு. நான் டிரைவிங்கை விட்டுட்டேன். ஒரு ஆளைக் கொல்லப் பாத்தேனே, எனக்கெதுக்கு அதெல்லாம்?"

மாஸ்டருக்கு அவள் மேல் பரிதாபம் வரவில்லை. வர வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. முன்பு அழுத்த வேண்டும் என்று தெரிந்தும் அழுத்தாமல் இருந்தார். இந்த முறை, உள்ளே எதுவும் தள்ளிவிடாமலேயே, வாயைத் திறந்தார்.

"உன் கால் தப்பான இடத்துல மிதிச்சுது. எல்லாரும் பண்றதுதான். என் கால் சரியான இடத்துலயே இருந்துது, மிதிக்கல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அது என் பொறுப்பு, உன்னோடது இல்ல. முதலாளிகிட்டயும் சொல்றேன். நீ போய் மிச்சத்தையும் கத்துக்க."

அந்தப் பெண் அவர் நீட்டிய மருந்துச் சீட்டை வாங்கினாள். பிறகு சீட்டிலிருந்த மருந்தின் பெயரைப் படித்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. "காலைல சாப்பிட்டப்புறம் போடுங்க, மாஸ்டர்" என்றாள். "நடுவுல நிறுத்திடாதீங்க."

முதலாளியிடமும் சொன்னார். முதலாளி நெடுநேரம் மேசைத் துடைப்பானை மடித்து மடித்துப் பிரித்தார். "உங்க சீட்டு காலியாத்தான் இருக்கும் மாஸ்டர்" என்றார் கடைசியில். வேறு ஆள் போட்டாகிவிட்டது என்பது இருவருக்கும் தெரியும்.

வாரங்கள் போயின. மாத்திரை வாயை உலர்த்தியது, வேறொன்றும் செய்யவில்லை. மாலையில் இருவரும் நடந்தார்கள். மனைவி பேசிக்கொண்டே வருவாள், அவர் நடந்துகொண்டே வருவார். வாரா வாரம் டாக்டர் கேள்வி கேட்பார், இவர் தேடிப் பார்த்துப் பதில் சொல்வார். மாத்திரையின் அளவைக் கூட்டினார் டாக்டர். ஒரு நாள் சாப்பிடும்போது மாஸ்டர் உப்பு ஜாடியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மனைவி அதைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. அந்த வாய் சும்மா இருந்தது அதிசயம்தான். மறுநாள் அவர் மறுபடியும் மதியம் வரை எழுந்திருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் வழக்கம்போல் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. மனைவி நாற்காலியில் கிடந்த திரைச்சீலைகளைப் பார்த்தாள். இனி இவரை நம்பிப் பயனில்லை என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அடியில் வைத்தால்தான் நிற்கும். அட்டை எங்கேயோ போயிருந்தது. பரவாயில்லை என்று ஏறினாள்.

மாஸ்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதாவது, பிடித்துக்கொண்டிருந்தார்.

கம்பியில் முதல் வளையத்தைக் கோக்க அவள் இரு கைகளையும் தூக்கியபோது ஸ்டூல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சட்டென்று ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வந்ததும் கீழே பார்த்தாள். பேப்பருக்குக் கீழே அவருடைய வலது கால் தெரிந்தது. அது தரைவிரிப்பில் தேய்ந்துபோன அந்த இடத்தை, விரல்கள் வெளுக்க, அழுத்திக்கொண்டிருந்தது.

அவள் சத்தம் காட்டாமல் இறங்கினாள். கால் தளர்ந்தது. பேப்பர் அசையவில்லை. அவருக்கே தெரியுமோ தெரியாதோ. தான் பார்த்தது நிஜமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. மறுபடியும் ஏறினாள். இந்த முறை கையில் திரைச்சீலை இல்லை. வேண்டுமென்றே உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். ஸ்டூல் ஆடியது. கால் அழுத்தியது.

பேப்பர் கீழே இறங்கியது.

"ஏய்! எதுக்கு மறுபடி ஏறுற? விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கவா? அட்டை எங்க? அறிவு இருக்கா உனக்கு?" நெடுநாள் ஓட்டாத வண்டியைக் கிளப்பியதுபோல் குரல் இருமி இருமி வந்தது. ஆனால் திட்டுத்தான், அசல் திட்டு. திட்டிக்கொண்டே எழுந்து வந்து ஸ்டூலின் கால்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அவள் மேலேயே நின்று, வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதாள்.

"என்ன? எங்கயாவது இடிச்சுக்கிட்டியா? வலிக்குதா? என்னன்னு சொல்லேன், பயமா இருக்குல்ல!"

"ஒன்னுமில்ல" என்றாள்.